முளைக்கக் கூடாத கேழ்வரகு

பாலை நிலையம், செவ்வாய்க் கிரகம்
சமையலறைப் பதிவு. எழுதுபவர்: தங்கக்கனி, உணவு விஞ்ஞானி

நாள் 530. காலை 7:40

காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் இருபத்திரண்டு. தண்ணீர்த் தொட்டி பாதிக்குச் சற்று மேல். கேழ்வரகு இன்னும் மூன்று வருடத்துக்குக் காணும். களி கிண்டியாயிற்று. ஒரு பங்கு எனக்கு, இரண்டு பங்கு இசக்கிமுத்துவுக்கு.

எனக்குப் பின்னால் யார் வந்து திறந்தாலும் பதிவு விளங்கவேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே ஒரு தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிரகத்தில் இப்போது இரண்டே பேர். நான் நிலையத்தில். பொறியாளர் இசக்கிமுத்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே கூடாரத்தில். தரைக்கடியில் கிடக்கும் பனிக்கட்டியைத் தோண்டி, அதிலிருந்து, அங்கேயே நிற்கும் ஏறுகலத்துக்கு எரிபொருள் செய்கிறான். நாங்கள் வீடு திரும்ப அந்த ஒரு கலம்தான். நடுவில் ஆளில்லா வண்டி ஒன்று ஓடுகிறது. அதில் என் எவர்சில்வர் தூக்குச்சட்டியில் களி போகும், திரும்பி வருகையில் வண்டித் தொட்டியில் பனிக்கட்டி வரும். எங்கள் தண்ணீர் அதுதான்.

தூக்குச்சட்டி ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். அங்கே அவனிடம் கருவாடா இருக்கிறது, அதிரசமா இருக்கிறது? பனிக்கட்டியை உடைத்துச் சட்டி நிறையப் போட்டு அனுப்புவான். தொட்டியில் வருவது கணக்குத் தண்ணீர். சட்டியில் வருவது என் சொந்தத் தண்ணீர். என் டீ அதில்தான்.

அடுத்தது கேழ்வரகு. முழுத் தானியம் எதிலும் ஃபைடிக் அமிலம் உண்டு. விதை தன் முளைக்காகச் சத்தைப் பூட்டிவைக்கும் பூட்டு அது. இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்பு எதையும் விடாது. நாம் தின்றாலும் சத்து வந்த வழியே போய்விடும். வீட்டில் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் அந்தப் பூட்டைத் திறக்கிற வேலைதான். இங்கே ஊறவைத்துக் கொட்டத் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் நானும் என் சிநேகிதி பூங்கோதையும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, பூட்டே இல்லாத ரகம் ஒன்றைக் கொண்டுவந்தோம். கனி-கோதை 4. மூட்டை மேல் எங்கள் இரண்டு பேர் பெயரும் அச்சடித்திருக்கிறது. ஊறவைக்க வேண்டாம், முளைகட்ட வேண்டாம், அரைத்துக் கிண்டினால் போதும். என் கை வேலை என்பதால் சொல்லவில்லை, ரகம் அப்படி.

கோதை இப்போது பூமியில் உணவுப் பிரிவுக்குத் தலைவி. இன்று வந்த செய்தி:

"கண்ணு, பதிவு வந்துருச்சு. களி வாசம் இங்க வரைக்கும் அடிக்குது போ. ரெண்டு பேரும் மாத்திரைய மறக்காமப் போட்டுட்டு, ரத்தமும் குடுத்துருங்க. ஊறப்போடறேன் கீறப்போடறேன்னு தண்ணிய வீணாக்கீறாதே. நம்ம ரகத்துக்கு அது தேவையில்லைன்னு உனக்குத் தெரியாததா?"

மாதம் இருமுறை ரத்தம். அவரவர் இடத்திலுள்ள சோதனைப் பெட்டிக்குள் ரத்தம் எடுத்த குழாயை வைத்தால் எண்கள் நேரே பூமிக்குப் போகும். எங்களுக்குக் காட்டாது. விதியாம்.

நாள் 552. மாலை 6:15

எரிபொருள் வேலை பிந்துகிறது. வடக்கிலிருந்து:

"யக்கா, முன்ன மாதிரி முடியலக்கா. ரெண்டு சாக்கு தூக்குறதுக்குள்ள மூச்சு முட்டுது. கண்ண இருட்டிக்கிட்டு வருது. சும்மா உக்காந்து பனிக்கட்டியக் கடிச்சுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. நறுக்கு நறுக்குன்னு கடிச்சாத்தான் மனசு அமருது."

நான் அனுப்பியது: "ஏலே மூதி, ராவெல்லாம் முழிச்சுக் கிடந்து மக படத்தப் பாத்துக்கிட்டு இருந்தா இப்படித்தான் இருக்கும். நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கு. ஒனக்கு அனுப்புறது எங்கையால செஞ்ச ரகம்லே. கல்லையும் செரிக்க வைக்கும்."

அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. பனிக்கட்டியைக் கடிக்கத் தோன்றுவது ரத்தத்தில் இரும்பு குறைந்ததற்கு அடையாளம். முதல் வருடப் பாடம். ஆனால் அவன் தின்பது என் கேழ்வரகு. என் ரகத்தை நானே சந்தேகிப்பதா?

நாள் 561. பகல் 1:20

படம் அனுப்பச் சொன்னேன். கீழ் இமையை இழுத்துப் பிடித்து எடுத்து அனுப்பியிருக்கிறான். உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பு. நகங்கள் நடுவில் குழிந்துவிட்டன.

இன்னொன்றும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"திட்டக்கூடாது. கையுறையில ஒட்டுன செம்மண்ண நக்கிப் பாத்தேங்க்கா. மழ பெஞ்சா நம்ம ஊரு செம்மண்ணுத் தேரிக்காட்டுல ஒரு வாசம் வருமே, அந்த ருசி. விட முடியல."

திட்டினேன். எழுதத்தகாத மாதிரி திட்டினேன். இந்த மண்ணில் விஷ உப்பு இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் தொண்டைச் சுரப்பியைக் கெடுத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பாகக் கிடப்பதெல்லாம் இரும்புத் துருதான். இத்தனை இரும்புக்கு நடுவே ஒரு பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்பு இல்லை. இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

கோதையிடம் அவனுடைய ரத்த எண்களைக் கேட்டேன். பதில்:

"எண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு. தனியாக் கெடக்கறான், கொழந்தைய வேற பாக்கல. மனசுதான் காரணம். நீ பயப்படாதே."

பயப்படத்தான் செய்கிறேன். கிளம்புவதற்கான நாள் 664. அதற்குள் எரிபொருள் நிரம்பவேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம். இன்று இருக்கிற இருப்பில் இசக்கிமுத்து அதுவரை தாங்கமாட்டான்.

எனக்கு விளங்காதது ஒன்று. இருவரும் தின்பது ஒரே மாவு. மாதாமாதம் ரத்தம் போகிற பெண்பிள்ளை நான். விழுந்தால் நான்தான் முதலில் விழவேண்டும். நானோ குண்டுக்கல்லாக இருக்கிறேன்.

நாள் 566. காலை 5:50

முந்தாநாள் தூக்குச்சட்டி கவிழ்ந்து, அவன் அனுப்பிய பனிக்கட்டி ஒரு கேழ்வரகுப் பை மேல் உருகிவிட்டது. நனைந்ததை எறிய மனமில்லை. துணியில் முடிந்து, மின்கல அலமாரிக்குப் பின்னால் சூடான இடத்தில் வைத்திருந்தேன், காயட்டும் என்று. மறந்தும் போனேன்.

இன்று எடுத்தேன். முடிச்சு பொங்கி இருந்தது. அவிழ்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வால். ஒன்று பாக்கியில்லாமல் முளைத்துவிட்டது.

சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஆளில்லாத நிலையத்தில் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பச்சை விதை வாசம். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே முடிச்சைக் கீழே வைத்துவிட்டு, மூட்டை மேல் இருந்த பெயரைப் போய்ப் பார்த்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். கனி-கோதை 4 இப்படி ஒன்று விடாமல் முளைக்காது. பூட்டு இல்லாத விதைக்கு முளைவிடும் சக்தியும் குறைவு. நூறு போட்டால் ஐம்பதாவது சாகும், மிச்சம் நோஞ்சானாக வரும். அது ஒன்றுதான் எங்கள் ரகத்தின் குறை. அதைச் சரிசெய்ய முடியாமல் நானும் கோதையும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறோம். தின்னத்தானே அனுப்புகிறோம், விதைக்க இல்லையே என்று தேற்றிக்கொண்டோம்.

இது ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணக் கேழ்வரகு. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. அதை ஊறவைக்காமல், முளைகட்டாமல், புளிக்கவைக்காமல் கிண்டிக் கிண்டி அந்தப் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நான். பெயர் போட்ட மூட்டையைப் பார்த்துப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

நாள் 566. காலை 6:30

கோதைக்கு அனுப்பியது: "மூட்டையில் இருப்பது நம் ரகம் இல்லை. முளைத்துவிட்டது. என்ன நடந்தது?"

சத்தம் போடவில்லை. தவறுதலாக மாறியிருக்கும் என்று இன்னமும் ஒரு நப்பாசை.

நாள் 567. காலை 9:00

பதில் இல்லை. கைகள் சும்மா இருக்காமல் மாத்திரை அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தன. தினம் ஒன்று, 'பலசத்து' என்று எழுதியிருக்கும். எனக்கு ஒரு பெட்டி, அவனுக்கு ஒரு பெட்டி, மூடியில் பெயர் ஒட்டி வந்தது. அவனுடைய பெட்டியில் பாதி இங்கேதான் இருக்கிறது, மாதாமாதம் அனுப்புவேன். நிறமும் அளவும் ஒன்றே.

டீ டிகாஷன் இரண்டு தம்ளரில் ஊற்றினேன். இரும்பு பட்டால் டிகாஷன் கறுக்கும். இரும்புச் சட்டியில் டீ போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் மாத்திரையைப் பொடித்து ஒன்றில் போட்டேன், அவனுடையதை மற்றதில்.

என்னுடையது மை மாதிரி கறுத்துவிட்டது.

அவனுடையது டீயாகவே இருக்கிறது. அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், டீயாகவே இருக்கிறது.

நாள் 567. பகல் 2:10

வந்துவிட்டது. ஒரு எழுத்து விடாமல் பதிகிறேன்.

"கண்ணு, கத்தாமக் கேளு. கே.கே.4 தோத்துப்போச்சு. நீ பயிற்சிக்குப் போன அடுத்த வருசமே விதை சுத்தமா முளைக்கறத நிறுத்தீருச்சு. போட்டதுல பத்துக்கு ஒண்ணு வரல. மூட்டை கட்டற அளவுக்கு எங்க போறது? உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. கப்பல் கெளம்பற தேதி வந்துருச்சு. மேல சொன்னாங்க, சாதாக் கேழ்வரகையே ஏத்துங்க, ஊறப்போடாமத் தின்னா மனுசன் எத்தன நாள் தாங்கறான்னு பாத்துக்கலாம், பின்னால ஆயிரம் பேர அனுப்பறப்ப உதவும்னு. ஒருத்தருக்கு இரும்பு மாத்திரை, ஒருத்தருக்கு வெறும் மாத்திரை. ரெண்டு பெட்டியும் என் மேச மேலதான் இருந்துச்சு கண்ணு. பேர் ஒட்டறது என் வேலை. உம் பேர எதுல ஒட்டுனேன்னு பாத்துக்கோ. இதுக்கு மேல ஒரு சிநேகிதி என்ன பண்ண முடியும்?"

நன்றி சொல்லவேண்டுமாம்.

கோயம்புத்தூர் விடுதியில் ஒரே பாயில் படுத்தவள். என் அப்பா செத்த அன்று என்னுடன் எங்கள் ஊர் உடன்குடி வரை பஸ்ஸில் வந்து, மூன்று நாள் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கியவள். அடிப்பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? "கனி, ரகம் தோற்றுவிட்டது, ஊறவைத்துத் தின்னுங்கள்" என்று ஒரு வரி. தண்ணீரை நான் எப்படியாவது பார்த்திருப்பேன்.

நாள் 567. பகல் 2:25

பதில் அனுப்பிவிட்டேன். அதையும் பதிகிறேன்.

"கோதை, இன்னொரு தடவ என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டா நாக்கு அழுகிரும். ஊரு வந்து எறங்குன அன்னிக்கே ஒம் பேரு, மேல உள்ளவன் பேரு, எல்லாத்தையும் ஒவ்வொரு மைக்கா பிடிச்சுச் சொல்லுதேனா இல்லியா பாரு. ஒருத்தியும் ஒருத்தனும் தப்ப முடியாது. நானும் இசக்கியும் உயிரோட வருவோம்."

மனம் ஆறியது. கொஞ்ச நேரம்தான்.

நாள் 567. மாலை 5:00

இசக்கிமுத்துவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? கேழ்வரகு, மாத்திரை, கோதை, எல்லாம். அவன் கேட்டது ஒன்றுதான்:

"அப்ப ஒங்க மாத்திரயில இரும்பு இருந்துச்சு. எம் மாத்திரயில இல்ல. அப்படித்தானக்கா?"

ஆமாம் என்றேன். எனக்கே இன்று காலைவரை தெரியாது என்றேன். என் மாத்திரை அட்டைகளை அனுப்புகிறேன், இனி அவை உனக்குத்தான் என்றேன்.

"சரிக்கா. அனுப்புங்க."

நாள் 571. காலை 10:30

ஒரே ஒரு அட்டையை மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டேன். மாத்திரை மட்டும் போதாது. பூட்டிய தானியத்தோடு போனால் அந்த இரும்பையும் பூட்டு பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வீட்டு வேலையை ஆரம்பித்தேன். கேழ்வரகை அலசி, ஒரு ராத்திரி ஊறவைப்பது. காலையில் கலங்கிய தண்ணீரை வடித்துக் கொட்டுவது, பூட்டில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஈரத் துணியில் முடிந்து, மின்கல அலமாரிக்குப் பின்னால் வைத்து முளைகட்டுவது. வால் வந்ததும், சும்மா கிடந்த பயிர் விளக்கின் அடியில் காயப்போட்டு, தேய்த்து வாலை உதிர்த்து, அரைப்பது. மாவைக் கரைத்து இன்னொரு ராத்திரி புளிக்கவிட்டு, மறுநாள் கூழாகக் காய்ச்சுவது.

தண்ணீருக்கு என் குளியலை நிறுத்தினேன். டீயை நிறுத்தினேன். கஞ்சித் தண்ணீர் பட்டு மறுசுழற்சி வடிகட்டி அடைத்துக்கொண்டு கூப்பாடு போடுகிறது. தினம் கழற்றிக் கழுவுகிறேன். நாறுகிறேன். நாறினால் என்ன, பார்க்க ஆளா இருக்கிறது?

சாப்பாட்டோடு டீ குடிக்காதே, டீயும் இரும்பைப் பிடித்துவைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு வந்தது: "டீ இல்லாம நான் பொழச்சுத்தான் என்னத்துக்குக்கா?" இந்த வாய்க்கொழுப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நாள் 598. காலை 8:15

"யக்கா, ஒரு அதிசயம் கேட்டியளா? ரெண்டு நாளாப் பனிக்கட்டி கடிக்கணும்னே தோணல. மண்ணு நெனப்பும் போயிட்டு. நேத்து நாலு சாக்கு ஒரே மூச்சுல ஏத்திட்டேன். ஒங்க கூழு புளிப்பு சும்மா ஜிவ்வுன்னு ஏறுது."

அழுதுவிட்டேன். படத்தில் இமைக்குள் மெல்லிய சிவப்பு தெரிகிறது. எரிபொருள் வேலை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

இன்று தூக்குச்சட்டியில் பனிக்கட்டி கோபுரமாக வந்தது. அதன் நடுவில் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறான். நுங்கு! மூன்று கண் நுங்கு, வெட்டிய பனங்காய் மாதிரியே. பனைமரத்து ஊர்க்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை உருக்க மனம் வரவில்லை. வெளிக்கதவு அறையில், குளிரில் வைத்திருக்கிறேன். போகும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

கோதையிடமிருந்து ஒன்றும் இல்லை. பேசட்டும், பேசாமல் போகட்டும்.

நாள் 631. மாலை 4:40

வண்டி வந்தது. தொட்டியில் பனிக்கட்டி இல்லை. தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

வெறுமையாக இருந்தது. பளபளவென்று துலக்கி, ஈரம் துடைத்து, மூடி போட்டு அனுப்பியிருக்கிறான்.

வானொலியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் உடம்புக்கு முடியாமல் போய்விட்டதோ, தோண்ட முடியவில்லையோ என்று பதறி, இருந்த கூழையெல்லாம் சட்டியில் ஊற்றினேன். அவசரத்துக்கு வைத்திருந்த கடைசி மாத்திரை அட்டையையும் அதோடு வைத்து வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

நாள் 636. பகல் 12:00

வண்டி வரவில்லை. வானொலி இல்லை. பூமியைக் கேட்டேன். "இசக்கிமுத்து நலம். பணி நடக்கிறது." இயந்திரக் குரல். கோதை இல்லை.

சட்டியை ஏன் துலக்கினான்? முடியாதவன் துலக்குவானா?

நாள் 643. காலை 6:05

கொஞ்ச நேரத்துக்கு முன் வந்தது. கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அவன் குரல் கணீரென்று இருக்கிறது. அந்தக் குரலுக்காகத்தானே நான் பாடுபட்டேன்.

"யக்கா, எரிபொருளு ஒரு ஆளுக்குத்தான் போதும்னு பூமியில சொல்லிட்டாவ. அதான் இன்னைக்கே கெளம்புதேன். கோதை மேடம் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாவ. இந்த மாத்திர யோசனையே ஒங்களுதுதான்னும், வெறும் மாத்திரப் பெட்டியில எம் பேர ஒட்டச் சொன்னதே நீங்கதான்னும். நான் நம்பலக்கா. சத்தியமா ரெண்டு நாளு நம்பல. பொறவு நெனச்சுப் பாத்தேன். இத்தன நாளும் ஒரு வீட்டு மாவு தின்னு நான் மண்ண நக்குதேன், நீங்க குண்டுக்கல்லா இருக்கிய. ரகம் ஒங்க ரகம். மூட்டையில ஒங்க பேரு. ஒங்களுக்குத் தெரியாம எப்படிக்கா? நான் சாகக் கெடந்ததும் பயந்துபோயி மாத்திரய அனுப்புனியளோ என்னவோ. கூழு நல்லாத்தான் இருந்துச்சு. அதாங்க்கா வயிறு எரியுது. ஏன்க்கா அப்படிச் செஞ்சிய? எம் மவ மொகத்த நான் பாக்கணும்லா. பாத்திரத்த வெறுமன அனுப்புனது தப்புதான். போட ஒண்ணும் மனசு வரல."

ஏலே இசக்கி. ஏலே. இல்லலே.

கத்தினேன். அவன் கேட்கும் பொத்தானை அணைத்துவிட்டான். கத்திக்கொண்டே இருந்தேன்.

நாள் 643. காலை 9:20

வடக்கே ஒரு வெளிச்சம். மேலே ஏறியது. நன்றாகவே ஏறியது. அவன் செய்த எரிபொருளாயிற்றே, சோடை போகுமா.

அந்தக் கலத்தை ஓட்டுகிற ரத்தத்தில் இருப்பது நான் கொடுத்த இரும்பு. நான் முளைகட்டினேன், நான் புளிக்கவைத்தேன், என் மாத்திரை. இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவனால் ஏணியில் நாலு படி ஏற முடியாது.

இப்போது விளங்குகிறது. ஊருக்கு வந்து மைக்கைப் பிடிப்பேன் என்று நான் கத்தினேன் அல்லவா? நான் ஊருக்கு வராமல் இருந்தால் கோதைக்கு நல்லது. இசக்கி என்னை நம்பாமல் இருந்தால் இன்னும் நல்லது. தவளை தன் வாயால் கெட்டது. வெறும் சட்டி வந்த அன்று அந்த வண்டியில் நானே ஏறி உட்கார்ந்து போயிருக்கலாம். நாலு மணி நேரத்தில் அவன் முன்னால் நின்று, டிகாஷன் தம்ளர் இரண்டையும் காட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கூழை ஏற்றி அனுப்பினேன்.

வண்டி திரும்பாத பிறகு நடந்து போகலாம் என்றால் உடையில் அவ்வளவு தூரத்துக்குக் காற்று கிடையாது.

நாள் 650

கோதை பேசினாள்.

"கனி. உன்னை அங்க விட்டுட்டு எனக்குச் சோறு எறங்கும்னு நெனைக்கறியா? ஆனா நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மேல இருக்கறவங்க அதைக் கேட்டுட்டாங்க. அடுத்த கப்பல் ரெண்டு வருசத்துல வரும். தானியம் தாராளமா இருக்கு. தண்ணி இனி மறுசுழற்சியில வர்றது மட்டுந்தான், அதனால ஊறப்போடாதே, குடிக்க வெச்சுக்கோ. ரத்தம் மட்டும் மாசம் ரெண்டு தடவை பெட்டியில வெச்சுரு. மாத்திரை தீந்ததுக்கு அப்புறம் எப்படிப் போகுதுன்னு இங்க கேக்கறாங்க. பத்திரமா இரு கண்ணு."

எப்படிப் போகிறது என்று கேட்கிறார்களாம்.

ரத்தம் பிடிக்கிற சோதனைக் குழாயில் டீ டிகாஷனை ஊற்றிப் பெட்டியில் வைத்தேன். படித்துக்கொள்ளட்டும்.

இனி இந்தப் பதிவு பூமிக்குப் போகாது. கண்டெடுக்கிறவருக்கு மட்டும்.

நாள் 702. பகல்

மறுசுழற்சியில் வருவது குடிக்கச் சரியாக இருக்கிறது. குடிநீரில் மிச்சம் பிடித்து, பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு கை கேழ்வரகு ஊறவைத்துவந்தேன். போன தடவை வடிகட்டி அடைத்து, இரண்டு நாள் குடிக்கவும் இல்லாமல் போயிற்று. அதோடு விட்டுவிட்டேன். பூட்டியபடியே கிண்டுகிறேன், பூட்டியபடியே தின்கிறேன். தண்ணீரே ஊற்றாமல் புளிக்கவைக்க வழி இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்.

இசக்கி இந்நேரம் பாதி வழி போயிருப்பான்.

நாள் 790. காலையா மாலையா தெரியவில்லை

ஏணி ஏறினால் இரைக்கிறது.

நகத்தைப் பார்க்கவேண்டாம் என்று இருக்கிறேன்.

இசக்கி ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். மகளைத் தூக்கியிருப்பான். கூழ் நன்றாக இருந்தது என்று சொன்னானே, அதை மட்டும் பொய்யாகச் சொல்லவில்லை. நல்ல புளிப்பு. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம்லா, மூதி.

நாள் 838

கண்டெடுக்கிறவருக்கு. மூட்டையில் பெயர் பார்த்து நம்பாதீர்கள். ஒரு கை எடுத்துத் துணியில் முடிந்து பாருங்கள். முளைத்தால் ஊறவையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மாவைப் புளிக்கவிடுங்கள். மாத்திரையை டிகாஷனில் போட்டுப் பாருங்கள். யாராவது பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் அன்றே கிளம்பிப் போய் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

வெளிக்கதவு அறைக்குப் போனேன். அந்த நுங்கு அப்படியே இருக்கிறது. உருக்கினால் ஒரு கை கேழ்வரகு ஊறும். அதற்காகத்தான் எடுத்தேன். சத்தியமாக அதற்காகத்தான்.

முதல் கண்ணைக் கடித்துவிட்டேன். நறுக்கென்று உடைந்தது. மனசு அமருது என்று அவன் சொன்னது சரிதான்.

இரண்டாவதும் ஆயிற்று.

மூன்றாவது வாயில் இருக்கிறது.